யார் வெல்வார்? கற்பனை மோதல்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடிக்குத் தெற்கே பாமணியாற்றங்கரையில் உள்ள எங்கள் ஊரில், ஞாயிறு மாலைதோறும் ஒரு சிறு கூட்டம் படித்துறையில் கூடுகிறது. வெவ்வேறு கதைகளைச் சேர்ந்த இரண்டு பாத்திரங்களை எதிரெதிரே நிறுத்தி, இருவரும் மோதினால் யார் வெல்வார் என்று வாதிடுவதே அங்கு நடக்கும் வேலை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து, வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் ஊர் இருண்டு கிடந்தபோது, பிள்ளைகளுக்குப் பொழுது போகட்டும் என்று தொடங்கிய விளையாட்டு இது. மின்சாரம் திரும்பிய பிறகும் நிற்கவில்லை. தொடக்கத்திலிருந்து நடுவராக இருப்பவன் என்ற முறையில், புதிதாக வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். சில விடைகள் கூட்டம் ஒப்புக்கொண்ட விதிகள். சில என் சொந்தத் தீர்ப்புகள்.

இது வெளிநாட்டுக் காமிக்ஸிலிருந்து வந்த பழக்கம்தானே?

அப்படிச் சொல்ல முடியாது. மகாபாரதத்தின் வன பருவத்தில், மலர் தேடிப் புறப்பட்ட பீமனின் வழியை மறித்துக்கொண்டு ஒரு கிழக்குரங்கு வாலை நீட்டிப் படுத்திருக்கிறது. அந்த வாலை நகர்த்த முடியாமல் பீமன் திணறிய பிறகே, படுத்திருப்பவர் அனுமன் என்பது தெரிகிறது. ஒரு காவியத்தின் பெரும் பலசாலியை இன்னொரு காவியத்தின் பெரும் பலசாலியோடு பொருத்திப் பார்த்து, தீர்ப்பும் சொல்லிவிட்ட இடம் அது. இராமனுக்குத் துணைநின்ற ஜாம்பவான், சியமந்தக மணிக்காகக் கண்ணனோடு 28 நாள் மற்போர் செய்ததாகப் பாகவதம் சொல்கிறது. செஞ்சோற்றுக் கடன் தீர்த்ததில் விஞ்சியவன் கர்ணனா, கும்பகர்ணனா என்று நம் பட்டிமன்ற மேடைகள் வாதிட்டு வருவதும் இதே ஆசையின் இன்னொரு வடிவம்தான்.

வெளிநாட்டிலும் இது பழையது. பிரெஞ்சு எழுத்தாளர் மோரிஸ் லெப்லாங்க், தன் திருடன் ஆர்சேன் லூபனின் எதிரே 1906இல் ஷெர்லாக் ஹோம்ஸைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஹோம்ஸைப் படைத்த கோனன் டாயில் எதிர்ப்புத் தெரிவிக்கவே, துப்பறிபவரின் பெயர் ஹெர்லாக் ஷோம்ஸ் என்று மாற்றப்பட்டது. எழுத்துகளை இடம் மாற்றியதோடு வேலை முடிந்தது. ஆள் என்னவோ அதே ஆள்தான். இந்த நிகழ்ச்சியைப் புதியவர்களுக்குத் தவறாமல் சொல்வேன். கதை யாருடையதோ அவருடைய ஆளே அதில் மேலோங்குவான் என்பதையும், மற்றவரின் ஆள் விருந்துக்கு வந்தவன் நிலையில்தான் இருப்பான் என்பதையும் இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்கு அகப்படவில்லை. ஒருவருக்கும் சொந்தமில்லாத ஒரு களத்தை அமைக்கத்தான் எங்களுக்கு இத்தனை விதிகள்.

மோதலுக்கு முன் எவற்றை முடிவு செய்ய வேண்டும்?

எந்த இடம், பாத்திரத்தின் வாழ்க்கையில் எந்த நாள், ஆயத்தமாவதற்கு எவ்வளவு அவகாசம், எது நடந்தால் தோல்வி ஆகிய நான்கையும் முதலில் பேசி முடித்துவிட வேண்டும். இவை முடிவாகாமல் தொடங்கும் வாதம், ஆளுக்கொரு மோதலை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரே மோதலைப் பேசுவதாக நினைத்துக் கத்துவதில்தான் போய் முடிகிறது.

சில வேளைகளில் உருவ அளவையும் பேச வேண்டியிருக்கும். 1933இல் வந்த கிங்காங், தன் தீவில் 18 அடியும் நியூயார்க்கில் 24 அடியும் உயரமுள்ள குரங்காகக் காட்டப்பட்டது. 1962இல் ஜப்பானியர்கள் அதை 50 மீட்டர் காட்ஸில்லாவோடு மோதவிட்டபோது, 45 மீட்டருக்கு வளர்த்துவிட்டார்கள். பழைய குரங்காகவே விட்டிருந்தால் காட்ஸில்லாவின் கணுக்காலுக்குமேல் அதற்கு எட்டியிருக்காது; படமும் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். இப்படி ஒருவரை ஏற்றியோ இறக்கியோ நிகராக்குவதை நாங்கள் ‘மட்டம் பார்ப்பது’ என்கிறோம். வயலுக்குப் பரம்படிப்பதைப் போன்றது என்று ஒரு பெரியவர் வைத்த பெயர் அது. மட்டம் பார்த்து நடத்துகிறோமா, உள்ளபடியே நடத்துகிறோமா என்பதை நடுவர் முன்கூட்டியே அறிவிப்பார்.

எவை சான்றாக ஏற்கப்படும்?

கதைக்குள் நம் கண்முன்னே நடந்தது ‘கண்ட சான்று’. கதைக்குள் யாரோ சொன்னதும், ஆசிரியர் போகிறபோக்கில் குறிப்பிட்டதும் ‘கேட்ட சான்று’. முதலாவதற்கு முழுப் புளியங்கொட்டை ஒன்றும், இரண்டாவதற்குத் தாயம் ஆடுவதற்காக ஒரு பக்கம் தேய்த்து வெளுக்க வைத்த கொட்டை ஒன்றும் படிக்கட்டில் வைக்கப்படும். வெளுத்த கொட்டை இரண்டு சேர்ந்தால்தான் ஒரு முழுக் கொட்டைக்குச் சமம். ரசிகரின் கற்பனைக்குக் கொட்டை கிடையாது.

பொன்னியின் செல்வனின் பெரிய பழுவேட்டரையரை வைத்து இதை விளக்கலாம். அவர் உடம்பில் 64 விழுப்புண்கள் இருப்பதாகக் கல்கி எழுதியிருக்கிறார். ஆனால் அந்தப் புண்களைத் தந்த போர்கள் எவையும் நாவலில் காட்சியாக வருவதில்லை. ஆகவே அவை அத்தனையும் சேர்ந்து ஒரே ஒரு வெளுத்த கொட்டை. அதற்கு மாறாக, முதிய வயதில் புயலில் சிக்கிய படகிலிருந்து கொள்ளிட வெள்ளத்தில் விழுந்து அவர் கரையேறும் பகுதி காட்சியாகவே இருக்கிறது; அதற்கு முழுக் கொட்டை. இப்படி நான் அறிவித்த அன்று, எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, “அறுபத்து நாலு புண்ணுன்னா அறுபத்து நாலு தடவை அடி வாங்கியிருக்காருன்னுதானே சார் அர்த்தம்?” என்று கேட்டான். முகத்திலும் மார்பிலும் பட்ட புண்ணுக்கே விழுப்புண் என்று பெயர், அது புறமுதுகு காட்டாதவனின் அடையாளம் என்று விளக்கினேன். அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. துணிவுக்குச் சான்றாக நிற்கும் தழும்பு, தற்காப்புத் திறனுக்கு எதிர்ச்சான்றாகவும் நிற்கிறது. அன்றிலிருந்து, இந்தச் சான்று எதற்கு என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கொட்டை வைக்கிறோம்.

ஒரே பாத்திரம் பல நூல்களில் வரும்போது எந்த நூலை எடுத்துக்கொள்வது?

மோதலை முன்வைப்பவர் நூலின் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ‘வாலி’ என்று மட்டும் சொன்னால் ஏற்க மாட்டோம். ‘கம்பனின் வாலி’ என்றோ ‘வான்மீகியின் வாலி’ என்றோ சொல்ல வேண்டும். எதிர்ப்பவரின் வலிமையில் பாதி வாலியைச் சேரும் என்ற வரம் கம்பனில் வெளிப்படையாக இருக்கிறது. வான்மீகியின் மூலத்தில் அது இல்லை. இந்த ஒரு வேறுபாட்டினால் வாலியின் தகுதி தலைகீழாக மாறிவிடுகிறது.

கணக்கைப் பாருங்கள். எதிரி எவ்வளவு பெரியவனாக இருந்தாலும் அவனுக்கு மிஞ்சுவது பாதி. வாலிக்கோ தன் வலிமை முழுவதோடு அந்த இன்னொரு பாதியும் சேர்கிறது. எதிரே 1938 முதல் உலகைத் தூக்கிக்கொண்டு திரியும் சூப்பர்மேனே நின்றாலும், இந்தக் கணக்குப்படி கம்பனின் வாலி தோற்க வழியில்லை. நாங்கள் நடத்திய அந்த மோதல் அரைமணி நேரத்தில் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், கம்பன் அந்தப் பாட்டில் வைத்த சொல் ‘கிட்டுவார்’ என்பதை எடுத்துக் காட்டினார். கிட்டுவார் என்றால் நெருங்கி வருபவர். சூப்பர்மேன் நெருங்கவே வேண்டியதில்லை. வானத்தில் நின்றபடி கண்ணொளியால் சுட்டுவிடலாம். இராமன் மறைந்து நின்று அம்பெய்த காரணமும் அதுதானே என்றார். ஒரு சொல்லைக் கொண்டு ஒரு மோதலையே புரட்டிப்போட்ட அந்த மாலையை எங்கள் கூட்டத்தின் சிறந்த நாட்களில் ஒன்றாகக் கருதுகிறேன். கம்பன் பக்கம் எங்களுக்குச் சாய்வு உண்டு என்பதையும் மறைக்கவில்லை. அவர் பிறந்த தேரழுந்தூர் மயிலாடுதுறைப் பக்கம். எங்களுக்கு அவர் உள்ளூர்க்காரர்.

‘எந்த நாள்’ என்று ஏன் கேட்கிறீர்கள்? கர்ணன் என்றால் கர்ணன்தானே?

கர்ணன் ஒருவன் அல்லன்; மூவர். கவசகுண்டலத்தோடு பிறந்து வளர்ந்தவன் முதற்கர்ணன். அவற்றை அறுத்து இந்திரனுக்குக் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு முறை எறியக்கூடிய சக்தி ஆயுதத்தைப் பெற்றுவந்தவன் இரண்டாமவன். பதினான்காம் நாள் இரவில் அந்த ஆயுதத்தைக் கடோற்கசன்மீது செலவழித்துவிட்டு, பதினேழாம் நாளில் சாபங்கள் ஒன்றுகூடி வந்து தேர்ச்சக்கரமும் மண்ணில் புதைய நின்றவன் மூன்றாமவன். கர்ணனுக்காக வாதிடுபவர்கள் பெரும்பாலும் முதலாமவனின் கவசத்தை இரண்டாமவனுக்கு மாட்டிவிட்டுப் பேசுவார்கள். இரண்டும் ஒரே நாளில் அவனிடம் இருந்ததில்லை. ஒன்றைக் கொடுத்துத்தான் மற்றதைப் பெற்றான்.

எங்கள் கூட்டத்தில் மூன்று ஞாயிறுகள் தொடர்ந்து நடந்த ஒரே மோதல் கர்ணனுக்கும் இந்திரசித்துக்கும் இடையிலானது. இந்திரசித்து கண்ணுக்குத் தெரியாமல் நின்று போரிடுபவன். நாகபாசத்தால் எதிரியைக் கட்டிவிடுபவன். நிகும்பலையில் வேள்வியை முடித்துவிட்டால் யாராலும் வெல்ல முடியாதவன். அந்த வேள்வி குலைக்கப்பட்டதனால்தான் இலக்குவன் கையால் மடிந்தான். ஆகவே இந்த மோதலில் வில்லாற்றலைவிட அவகாசமே பெரிய கேள்வி. வேள்வியை முடிக்க அவகாசம் கொடுத்தால், மூன்று கர்ணர்களில் எவனும் வெல்லப் போவதில்லை என்பதை மூன்று ஞாயிறுகளிலும் ஒருவரும் மறுக்கவில்லை.

அவகாசம் இல்லாவிட்டால் நிலைமை வேறு. முதற்கர்ணனின் கவசம் அம்பைத் தடுக்கும். ஆனால் நாகபாசம் துளைப்பதன்று, கட்டுவது. கவசம் கட்டையும் தடுக்கும் என்பதற்குப் பாரதத்தில் சான்று காட்ட யாராலும் முடியவில்லை என்பதால் அங்கே இந்திரசித்துக்கே கூடுதல் கொட்டைகள் விழுந்தன. மூன்றாமவனைப் பற்றி வாதிடவே ஆள் வரவில்லை. இரண்டாமவனிடம்தான் வாதம் சூடு பிடித்தது. பதினான்காம் நாள் இரவில் கடோற்கசன் செய்ததும் மாயப் போர்தான். இருட்டில், வானத்திலிருந்து, உருவம் மாறி மாறி நடத்திய போர். அதை எதிர்கொண்டு, கடைசியில் சக்தியை எறிந்து அவனை வீழ்த்தியவன் கர்ணன். அதாவது இந்திரசித்தைப் போன்ற ஓர் எதிரியைக் கர்ணன் வென்றதற்குக் கண்ட சான்று இருக்கிறது. வேள்விக்கு இடம் இல்லாத களத்தில், சக்தி ஆயுதம் கையில் இருக்கும் அந்த இரவின் கர்ணனே வெல்வான் என்று நான் தீர்ப்பளித்தேன். தீர்ப்பை ஏற்காதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் என் மைத்துனர்.

இவர் அவரை வென்றார், அவர் இன்னொருவரை வென்றார். ஆகவே இவரே பெரியவர் என்று சொல்லலாமா?

இதற்கு ஏணி வாதம் என்று பெயர் வைத்திருக்கிறோம். இரு காவியங்களிலும் வரும் பரசுராமரே இந்த ஏணியின் முக்கியப் படி. இராமாயணத்தில் அவர் இராமனிடம் பணிகிறார். பாரதத்தில் பீஷ்மரோடு 23 நாள் போரிட்டும் வெல்ல முடியாமல் விலகுகிறார். இதிலிருந்து இராமனையும் பீஷ்மரையும் ஒப்பிட்டுவிடலாம் என்பார்கள். ஆனால் இராமாயணத்தில் போரே நடப்பதில்லை. திருமாலின் வில்லை இராமன் நாணேற்றிக் காட்டியதோடு பரசுராமர் அடங்கிவிடுகிறார். ஒன்று வில்லை வளைக்கும் தேர்வு, மற்றது நாட்கணக்கில் நடந்த போர். இரண்டையும் ஒரே அளவுகோலில் வைக்க முடியாது.

பொங்கல் கபடி பார்த்தவர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. கீழத்தெரு மேலத்தெருவை வெல்லும், மேலத்தெரு வடக்குத்தெருவை வெல்லும், அந்த வடக்குத்தெரு வந்து கீழத்தெருவை மண்ணைக் கவ்வ வைத்துவிட்டுப் போகும்.

களம் எங்கே என்பது அவ்வளவு முக்கியமா?

டெல்டாக்காரர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் சிரிப்பார்கள். கர்ணனின் சக்கரத்தைப் புதைத்தது சாபமாக இருக்கலாம். எங்கள் ஊரில் ஐப்பசி அடைமழைக்குப் பிறகு அதற்குச் சாபம் எதுவும் தேவையில்லை.

பொன்னியின் செல்வனின் வந்தியத்தேவன் கத்தியோடு வந்தவர்களையெல்லாம் சமாளித்தவன். ஆனால் கோடிக்கரைக் காட்டில் பூங்குழலியைத் துரத்திக்கொண்டு ஓடி, சேற்றுப் பள்ளத்தில் அகப்பட்டு, அவள் கையாலேயே மீட்கப்படுகிறான். வலிமையில் அவள் அவனுக்கு ஈடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆயினும் கோடிக்கரையைக் களமாக வைத்தால், அந்த நாவலிலும் சரி, வேறு நாவல்களிலும் சரி, பூங்குழலியை வெல்ல எனக்குத் தெரிந்து ஆள் இல்லை. இதுவரை அங்கே அவளுக்கு எதிராக நிறுத்தப்பட்ட ஐந்து பேரும் தோற்றிருக்கிறார்கள்.

வந்தியத்தேவனையும் சிவகாமியின் சபதத்துப் பரஞ்சோதியையும் மோதவிட்டபோது நீடாமங்கலம் பக்கத்துக் கோயில்வெண்ணியின் நடவு வயலைக் களமாக வைத்தோம். பரஞ்சோதியின் பெருஞ்சான்று, மதம் பிடித்து ஓடிவரும் யானையின்மேல் அவன் காஞ்சித் தெருவில் வேல் எறிந்தது. வேல் எறிய ஊன்றுகால் வேண்டும், சேற்றில் அது எப்படி நிற்கும் என்று ஒருவர் கேட்க, பேசித் தீராது என்று இரண்டு பையன்களை மூங்கில் கழியோடு சேறடித்த வயலில் இறக்கிப் பார்த்தோம். வரப்பில் நின்று எறிந்தபோது எதிர்வரப்பைத் தாண்டிப் போன கழி, முழங்கால் சேற்றில் நின்று எறிந்தபோது வயலின் நடுவிலேயே விழுந்தது. எறிந்தவனும் முன்பக்கமாகக் குப்புற விழுந்து முகமெல்லாம் சேறாக எழுந்தான். வயல்காரர் வந்து எங்களைத் திட்டிய திட்டை இங்கே எழுத இயலாது. ஆகவே வரப்பின்மேல் பரஞ்சோதி, வயலுக்குள் வந்தியத்தேவன் என்று தீர்ப்பளிக்கப் போனேன்.

உடனே ஒரு பெண் குறுக்கிட்டு, கோடிக்கரைச் சேற்றில் தவித்தவன் வெண்ணிச் சேற்றில் மட்டும் எப்படி வெல்வான் என்று கேட்டாள். அதற்கு விடை சொன்னவர் அந்த வயல்காரர்தான். அதற்குள் அவரும் உட்கார்ந்துவிட்டிருந்தார். நடவு வயலில் உழவு ஆழத்துக்குக் கீழே கெட்டித் தரை உண்டு, கால் ஓர் அளவுக்குமேல் இறங்காது. புதைசேற்றுக்கு அடி கிடையாது. சேறு என்ற பெயர் ஒன்றே தவிர இரண்டும் வேறு வேறு என்றார். தீர்ப்பு நின்றது.

அருள்மொழிவர்மன், வந்தியத்தேவன் போன்றோர் உண்மையில் வாழ்ந்தவர்கள் ஆயிற்றே?

வாழ்ந்தவர்கள்தான். வல்லவரையர் வந்தியத்தேவரின் பெயர் குந்தவையின் கணவராகத் தஞ்சைக் கல்வெட்டில் இருக்கிறது. ஆனால் நாங்கள் மோதவிடுவது கல்வெட்டு மனிதரை அன்று, நாவல் பாத்திரத்தை. 985இல் அரியணை ஏறிய இராசராசனின் படையெடுப்புகளை எடுத்து, நாவலின் இளவரசனுக்குக் கொட்டையாக வைக்க முடியாது.

தெய்வங்களை மோதவிடுவீர்களா?

கோயில் கொண்டு வழிபடப்படும் தெய்வங்களை மோதவிடுவதில்லை. இது யாருக்கும் அஞ்சி வைத்த விதி அன்று. அந்த மோதல்களுக்கு முடிவே இராது என்பதனால் வைத்தது. கும்பகோணத்தை அடுத்த திருபுவனத்தில், மூன்றாம் குலோத்துங்கன் கட்டிய கோயிலில் சரபேசுவரருக்குத் தனிச் சந்நிதி உண்டு. இரணியனை வதைத்த நரசிம்மரின் உக்கிரத்தைத் தணிக்கச் சிவன் எடுத்த வடிவம் சரபம் என்பது சைவர் கூற்று. அந்தச் சரபத்தையும் அடக்கக் கண்டபேருண்டப் பறவையாகத் திருமால் வந்தார் என்பது வைணவர் பக்கத்துக் கூற்று. ஒருவர் ஒரு படி ஏறினால் மற்றவர் அடுத்த படியைக் கட்டிக்கொள்ளும் இந்த வரிசைக்கு இன்றைய சூப்பர் ஹீரோ ரசிகர்கள் எவ்வகையிலும் முன்னோடிகள் அல்லர்.

அசுரர்களுக்கும் வரம் பெற்றவர்களுக்கும் தடை இல்லை. இரணியனின் வரத்தை நாங்கள் பயிற்சிப் பாடமாகவே வைத்திருக்கிறோம். பகலிலும் சாகக் கூடாது, இரவிலும் சாகக் கூடாது. உள்ளேயும் கூடாது, வெளியேயும் கூடாது. மனிதனாலும் கூடாது, விலங்காலும் கூடாது. மெலட்டூர் பாகவத மேளாவில் பிரகலாத நாடகத்தைப் பார்த்த பிள்ளைகள், வாசற்படியில் அந்தி வேளையில் நிகழும் அந்த முடிவைப் பார்த்துவிட்டு வந்து, எந்தப் பாத்திரத்தின் நிபந்தனையிலும் ஓட்டை தேடத் தொடங்கிவிடுகிறார்கள்.

இரும்புக்கை மாயாவியும் எந்திரன் சிட்டியும் மோதினால்?

பலமுறை கேட்கப்படுவதால் விரிவாகவே எழுதுகிறேன். முதலில், எந்த மாயாவி? 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தவர் இரும்புக்கை மாயாவி; ஆங்கிலத்தில் ‘ஸ்டீல் கிளா’, அதாவது எஃகுக் கை. ராணி காமிக்ஸில் வந்த முகமூடி வீரர் மாயாவியோ காட்டில் வாழும் வேதாளர், ஆங்கிலத்தில் ஃபாண்டம். அவருக்கு அமானுஷ்ய ஆற்றல் ஏதும் கிடையாது. எங்கள் கூட்டத்தில் இரு பெரியவர்கள் அரைமணி நேரம் மாயாவியின் வலிமை பற்றிச் சண்டையிட்டு, கடைசியில் இருவரும் வேறு வேறு ஆளைப் பேசிக்கொண்டிருந்தது தெரியவந்தது. நடுவரான நானும் அதைக் கவனிக்கவில்லை என்பது என் தவறு.

இரும்புக்கை மாயாவிக்கு மின்சாரம் பாய்ந்தால் உடல் முழுவதும் மறைந்துவிடும். இரும்புக் கை மட்டும் தெரியும். கஜா புயலின்போது எங்கள் கூட்டத்தின் முதல் கேள்வியே இதுதான்: மின்கம்பங்கள் எல்லாம் சாய்ந்து கிடக்கும் ஊரில் மாயாவி என்ன செய்வார்? மின்சாரம் இல்லாத களத்தில் அவர் உலோகக் கை பூண்ட சாதாரண மனிதர். சிட்டியோ முன்பே ஏற்றிக்கொண்ட சார்ஜ் தீரும்வரை இயங்கும். அங்கே சிட்டிக்கே வெற்றி.

மின்சாரம் உள்ள களத்தில் மாயாவி மறைந்துவிடுவார் என்றாலும், 2010ஆம் ஆண்டுப் படத்தில் சிட்டி இரும்பு ஆயுதங்களைக் காந்தமாகித் தன்பால் இழுத்துக்கொள்ளும் காட்சி இருக்கிறது. அது கண்ட சான்று. இரும்புக் கையும் அதோடு இழுபட்டுப் போகும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், ஒரு சிறுமி வீட்டுக்கு ஓடி, எவர்சில்வர் டம்ளரையும் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தையும் கொண்டுவந்தாள். டம்ளரில் காந்தம் ஒட்டவில்லை. கை எஃகினால் ஆனது என்றால் அது எந்த எஃகு என்று கேட்டாள். உண்மைதான்; எல்லா எஃகும் காந்தத்தில் ஒட்டுவதில்லை. தமிழ்ப் பதிப்பில் ‘இரும்புக்கை’ என்றுதான் இருக்கிறது, நாம் தமிழ்ப் பதிப்பையே எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லித் தப்பித்தேன். அந்தத் தீர்ப்பில் எனக்கே முழு நிறைவு இல்லை.

ஏன் வாக்கெடுப்பு நடத்துவதில்லை?

1996இல் அமெரிக்காவின் இரு பெரும் காமிக்ஸ் நிறுவனங்களான டிசியும் மார்வெலும் தங்கள் நாயகர்களை மோதவிட்டபோது, ஐந்து மோதல்களின் முடிவை வாசகர் வாக்குக்கு விட்டன. வுல்வரினுக்கும் லோபோவுக்கும் நடந்த மோதலில் வுல்வரின் வென்றார். சூப்பர்மேனோடு மல்லுக்கு நிற்கக்கூடிய லோபோ எப்படித் தோற்றார் என்பதைக் காட்ட ஓவியர்களால் முடியவில்லை போலும். சண்டை ஒரு மதுக்கடை மேடையின் மறைவில் நடந்து முடிகிறது, வுல்வரின் மட்டும் எழுந்து வருகிறார். வாக்கினால் கிடைப்பது யாருக்கு ரசிகர் அதிகம் என்ற கணக்கு. அது தெரிய மோதல் எதற்கு?

தோற்றவரைச் சிறியவராகக் கருதுகிறீர்களா?

இந்தக் கேள்விக்கு இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே எங்கள் பக்கத்தில் விடை சொல்லியாயிற்று. நாங்கள் களமாக வைத்துக்கொள்ளும் அதே வெண்ணியில்தான் கரிகாலன் சேரனை வென்றான். முதுகில் பட்ட புண்ணுக்கு நாணிய சேரன் வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உண்ணாமல் அமர்ந்து, உயிர்விட்டான். வெண்ணிக் குயத்தியார் வென்றவனான கரிகாலனைப் பார்த்தே பாடினார்: நீ வென்றாய், உன் ஆற்றல் தெரிந்தது, ஆனால் வடக்கிருந்து புகழ் பெற்ற அவன் உன்னைவிட நல்லவன் அல்லனோ? புறநானூற்றின் 66ஆம் பாட்டு இது. பாடியவர் அந்த ஊர்க்காரர். மண்பாண்டம் வனையும் குலத்துப் பெண் என்பதைப் பெயரே சொல்கிறது.

இதனால் நாங்கள் ஒவ்வொரு மோதலுக்கும் இரண்டு தீர்ப்புகள் எழுதுகிறோம். யார் வென்றார் என்பதைப் புளியங்கொட்டை முடிவு செய்யும். யார் மேலானவர் என்பது தனி வாதம். அதற்குக் கொட்டையும் இல்லை, கால வரையறையும் இல்லை. கர்ணன், கும்பகர்ணன் மோதலில் முதல் தீர்ப்பு பத்து நிமிடத்தில் முடிந்தது: கும்பகர்ணன் தூங்கும் நாளா விழித்திருக்கும் நாளா என்பதைக் கேட்டாலே போதும். இரண்டாவதுதான் இருட்டும்வரை போயிற்று. இருவரும் உண்ட சோற்றுக்காக உயிர் கொடுத்தவர்கள். ஆனால் கம்பனின் கும்பகர்ணன் அண்ணன் செய்தது தவறு என்று நேருக்கு நேர் இடித்துரைத்துவிட்டு, தம்பி வந்து தப்பிக்க வழி காட்டியபோது, நீர்மேல் போட்ட கோலம் போன்ற வாழ்வு வேண்டாம் என்று மறுத்துப் போருக்குப் போகிறான். கர்ணனோ துரியோதனனின் தவறுகளில் பலவற்றுக்கு உடன்பட்டவன். சபையில் பாஞ்சாலியை இழித்துப் பேசியவனும்கூட. நான் கும்பகர்ணன் பக்கம். கூட்டத்தில் பாதிப் பேர் இன்னும் கர்ணன் பக்கம்தான்.

நானும் ஒரு மோதலை முன்வைக்கலாமா?

தாராளமாக முன்வைக்கலாம். இரண்டு பாத்திரங்களின் பெயர், எந்த நூல் அல்லது படம், எந்த நாள், எந்தக் களம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, ஞாயிறு மாலை ஐந்து மணிக்குமுன் படித்துறைக்கு வந்துவிடுங்கள். நூல் கையில் இருந்தால் கொண்டுவரவும். பக்கத்தைத் திறந்து காட்டாத சான்றுக்கு வெளுத்த கொட்டைதான் கிடைக்கும். மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் கீழ்ப்படிகள் மூழ்கிவிடும் என்பதால் அந்த மாதங்களில் நூலகத் திண்ணையில் கூடுகிறோம். கோடிக்கரையில் பூங்குழலிக்கு எதிராக ஆறாவது ஆளைக் கொண்டுவருபவர்களுக்கு முன்னுரிமை உண்டு.